தொண்டை ட்யூப்ல குடியிருக்குற கிருமி: வீட்ல என்ன பாக்கணும், எப்ப ஆஸ்பத்திரிக்கு ஓடணும்

என் பையனுக்கு ட்ரக்கியாஸ்டமி (மூச்சு விட கழுத்துல ஓட்டை போட்டு மூச்சுக்குழாய்ல வைக்குற ட்யூப்) போட்டு மூணு வருஷம் ஆகுது, நாங்க குடியாத்தம் பக்கம், மாசா மாசம் வேலூருக்கு செக்கப் போய் வந்துகினு இருக்கோம். ஓபில உக்காந்திருந்தா புதுசா ட்யூப் போட்ட புள்ளைங்களோட அம்மாங்க கல்ச்சர் ரிப்போர்ட்ட (சளில என்ன கிருமி வளருதுன்னு லேப்ல பாத்து குடுக்குறது) நீட்டி, "அக்கா, சூடோமோனாஸ் ஹெவி க்ரோத்னு போட்டிருக்கு, புள்ளைக்கு என்னா ஆவும்"னு அழுவாங்க. அவங்களுக்கு சொல்றததான் இங்க எழுதுறேன்.

ட்யூப் இருக்குற வரைக்கும் அதுல கிருமி இருக்கும். மூக்கு வழியா போற காத்து வடிகட்டி ஈரமாகி உள்ள போகும், ட்யூப்ல போற காத்துக்கு அது கிடையாது, எச்சிலும் ட்யூப் ஓரமா கீழ எறங்கும், அதனால சூடோமோனாஸ், ஸ்டாஃப் ஆரியஸ், க்ளெப்சியெல்லா மாதிரி கிருமிங்க வந்து ஒட்டிக்கும், ஒட்டினதும் வழவழன்னு ஒரு படலம் கட்டிக்கும், பயோஃபிலிம்னு டாக்டருங்க சொல்வாங்க. கிணத்துப் படியில பாசி புடிக்கும் பாருங்க, அதேதான். ப்ளீச்சிங் பவுடர் கொட்டினா மேல வெளுக்கும், அடியில இருக்குறது அப்படியே இருந்து ரெண்டு நாள்ல திரும்ப வழுக்கும். லேப்ல தனித்தனியா இருக்குற கிருமியத்தான் டெஸ்ட் பண்றாங்க, அங்க சென்சிட்டிவ்னு, அதாவது கிருமிய கொல்லும்னு வந்த மருந்து கூட படலத்துக்குள்ள இருக்குறத முழுசா கொல்லாது. அதனால புள்ள நல்லா விளையாடுது, காய்ச்சல் இல்ல, சளி எப்பவும் போலதான் வருதுன்னா ரிப்போர்ட்ட மட்டும் பாத்து மெடிக்கல்ல ஆன்டிபயாட்டிக் வாங்கி ஊத்தாதீங்க, ப்ளீஸ். வலு இல்லாத கிருமி செத்துப்போய் மருந்துக்கு மசியாதது மட்டும் மிஞ்சும், நாளைக்கு நெஜமா இன்ஃபெக்‌ஷன் வரும்போது குடுக்க மருந்து இருக்காது.

நான் பண்ண தப்ப சொல்றேன். சக்‌ஷன் பண்ணிட்டு (மெஷின்ல சளிய உறிஞ்சி எடுக்குறது) கேத்தட்டர், அதாவது ட்யூப்குள்ள விடுற மெல்லிசு குழாய, அலசுறதுக்கு ஒரு டம்ளர்ல தண்ணி வச்சிருப்பேன், குறைய குறைய அதுலயே ஊத்திக்குவேன். ஒரு வாரம் சளி பச்சையா வந்துச்சு, கிட்ட போனா ஒரு மாதிரி தித்திப்பு வாசனை வேற. டாக்டர் கேட்ட மொத கேள்வியே தண்ணி எங்க வைக்கிறீங்கன்னுதான். சூடோமோனாஸ் ஈரத்துல வாழுற கிருமி. கொதிக்க வச்சு ஆறின தண்ணிய தினமும் புதுசா மாத்துங்க, சக்‌ஷன் ஜார தினமும் கொட்டி சோப்பு போட்டு கழுவி கவுத்து வைங்க. எது கழுவினாலும் சுத்தமா காஞ்சாதான் வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

சக்‌ஷனுக்கு முன்னாடி கைய சோப்பு போட்டு 20 நொடி கழுவணும், மாமியார் வந்து பண்ணாலும் கழுவணும். குழந்தைங்களுக்கு பொதுவா 80ல இருந்து 100 mmHg வரைக்கும்தான் மெஷின் ப்ரஷர் வைக்க சொல்வாங்க. கேத்தட்டர் எவ்ளோ உள்ள போகணும்னு உங்க டாக்டர்கிட்டயே அளந்து வாங்கி செவுத்துல ஒட்டிடுங்க, ஆழமா விட்டா உள்ள புண்ணாகும், புண்ணான எடத்துல கிருமி சுலபமா புடிச்சுக்கும். 5, 10 நொடிக்குள்ள வெளிய எடுத்துடணும். ஒவ்வொரு தடவையும் ட்யூப்குள்ள சலைன் (மருத்துவ உப்புத் தண்ணி) ஊத்துற பழக்கம் வேணாம், மேல இருக்குற கிருமிய அதுவே கீழ அடிச்சுட்டுப் போயிடும். வாயால சாப்பிடாத புள்ளையா இருந்தாலும் ரெண்டு வேளை பல்லு தேய்ச்சு விடுங்க, வாயில இருக்குற கிருமிதானே எச்சிலோட எறங்குது.

பாசிய தேய்ச்சு எடுக்கணும், இல்ல கல்லையே மாத்தணும், ட்யூப் மாத்துறது அதுக்குத்தான். வாரம் ஒருக்காவா, இன்னும் தள்ளியான்னு ட்யூபோட வகைய வச்சு டாக்டர் சொல்வாங்க, அந்த தேதிய தள்ளிப்போடாதீங்க. மாத்தும்போது ரெண்டு பேர் இருக்கணும், புள்ள வயிறு காலியா இருக்கணும், அதே சைசுல ஒண்ணு, அரை சைஸ் சின்னது ஒண்ணு கைக்கு எட்டுற தூரத்துல இருக்கணும். கழட்டின ட்யூப ஒரு தடவை ட்யூப்லைட் வெளிச்சத்துல புடிச்சு உள்ள பாருங்க. வளையுற எடத்துல மஞ்சளும் பழுப்புமா ஒரு கோடு ஓடும், வெரல் வச்சா வெண்டைக்கா சாறு மாதிரி வழுக்கும். அதப் பாத்த அன்னிக்குதான் எனக்கு எல்லாம் புரிஞ்சுது. திரும்ப போடலாம்னு டாக்டர் சொன்ன ட்யூபா இருந்தா மட்டும் சோப்புத் தண்ணியில மெல்லிசு ப்ரஷ் விட்டு அந்தக் கோடு போற வரைக்கும் தேய்ச்சு, அலசி, காயவச்சு மூடின டப்பால வைங்க.

நம்ம ஊர் வெயில் தெரியும்ல, ஏப்ரல் மே மாசத்துல சளி பசை மாதிரி கெட்டியாயிடும், அப்ப எச்எம்ஈ ஃபில்டர் (ட்யூப் வாயில மாட்டுற, உள்ள போற காத்த ஈரமாக்குற மூடி) போடாம விடாதீங்க, அது நனைஞ்சா கழுவாதீங்க, வேற மாத்துங்க. குளிப்பாட்டிட்டு சாம்பிராணி போடுறது, கழுத்து மடிப்புல பவுடர் பூசுறது ரெண்டும் இந்தப் புள்ளைங்களுக்கு வேணவே வேணாம், பாட்டிங்க கோச்சுகிட்டாலும் பரவால்ல. ட்யூப சுத்தி தினம் ரெண்டு தடவை சலைன்ல தொட்ட காஸ் துணியால தொடைச்சு, ஈரம் போக ஒத்தி எடுங்க.

காய்ச்சல், சளியோட நிறம் மாறி கெட்டியாகி நாத்தம் வர்றது, எப்பவும் விட ரெண்டு மடங்கு சக்‌ஷன் தேவைப்படுறது, சளில ரத்தம், புள்ள சோர்ந்து பால வேணாங்குறது, இதுல எது வந்தாலும் அன்னிக்கே காட்டுங்க. நெஞ்சு குழி விழுந்து மூச்சு வாங்கினாலோ ஆக்சிஜன் அளவு எறங்கினாலோ ட்யூப் அடைச்சிருக்கான்னு பாத்து சக்‌ஷன் பண்ணுங்க, சரியாகலன்னா சொல்லிக்குடுத்த மாதிரி ட்யூப மாத்துங்க, அதே நேரத்துல இன்னொருத்தர் 108க்கு போன் போடட்டும்.

இன்னொண்ணு, தினக்காலண்டர் தாள்லயே அன்னிக்கு சளி என்ன நிறம், எத்தன சக்‌ஷன்னு எழுதுங்க. போன மாசம் நான் அந்தத் தாளுங்கள டாக்டர் முன்னாடி வரிசையா வச்சேன், அதப் பாத்துட்டுதான் இந்த ரிப்போர்ட்டுக்கு மருந்து வேணாம், ட்யூப மட்டும் மாத்துங்கன்னு சொன்னாங்க.