முதல் ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கும் முன்

மைக், கிட்டார் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் கருவிதான் ஆடியோ இன்டர்ஃபேஸ். அதன் அட்டைப்பெட்டியில் சாம்பிள் ரேட் (நொடிக்கு ஒலியை எத்தனை முறை அளக்கிறது என்பது) 192 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். வீட்டில் பாட்டு பதிய 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தாராளம்.

முக்கியம் மைக் ப்ரீஆம்பின் கெயின், அதாவது மைக்கின் மெல்லிய சிக்னலை அது எவ்வளவு பெருக்கும் என்பது. கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் ஃபான்டம் பவர் (கேபிள் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம்) இருந்தால் சாதாரண கெயினே போதும். ஷூர் எஸ்எம்7பி மாதிரி டைனமிக் மைக் (மின்சாரம் தேவைப்படாத, சிக்னல் குறைவாகத் தரும் வகை) என்றால் 60 டெசிபெலாவது வேண்டும். அவ்வளவு இல்லாவிட்டால் குமிழைக் கடைசிவரை திருகுவீர்கள். குரலோடு 'உஸ்ஸ்' என்ற இரைச்சலும் சேர்ந்து ஏறும்.

'2 இன்புட்' என்றாலே இரண்டு மைக் என்று அர்த்தமில்லை. ஸ்கார்லெட் சோலோ என்ற இன்டர்ஃபேஸில் ஒன்று மைக்குக்கு, மற்றது கிட்டாருக்கோ லைனுக்கோதான் (லைன் என்றால் கீபோர்டு போன்றவற்றின் சிக்னல்). பாடகருக்கும் மிருதங்கத்துக்கும் சேர்த்து மைக் வைக்க வேண்டுமானால் எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் மைக் கேபிள் செருகும்) துளைகளை எண்ணிப் பார்த்து வாங்குங்கள். கிட்டாரையோ பிக்கப் வைத்த வயலினையோ நேராகச் செருக ஹை-இசட் (பிக்கப் சிக்னலுக்கென்றே உள்ள) உள்ளீடு வேண்டும். லைன் உள்ளீட்டில் செருகினால் ஒலி மங்கிச் சப்பென்றாகும்.

டைரக்ட் மானிட்டர் (குரலைக் கணினி வழியே சுற்றவிடாமல் நேரே ஹெட்ஃபோனுக்குத் தரும் வசதி) இல்லாததை வாங்கவே வேண்டாம். குரல் கணினிக்குள் போய்த் தாமதமாகக் காதுக்குத் திரும்பினால் பாடுபவர் தாளம் விடுவார். விண்டோஸில் அந்தக் கருவிக்கென்றே வந்த ஏசியோ டிரைவரை (ஒலித் தாமதத்தைக் குறைக்கும் மென்பொருள்) போடுங்கள். பதியும்போது பஃபர் (கணினி ஒரு தடவைக்குக் கையாளும் ஒலித் துண்டின் அளவு; சிறிதானால் தாமதம் குறையும்) 128 சாம்பிள், மிக்ஸ் செய்யும்போது 512. 'பட் பட்' என்று வெடித்தால் முதலில் யூஎஸ்பி ஹப்பைக் கழற்றிவிட்டு நேரே கணினியில் செருகிப் பாருங்கள். பிறகு பஃபரை 256 ஆக்குங்கள்.

லெவல்? உரக்கப் பாடும் இடத்தில் மீட்டர் மைனஸ் 10 டெசிபெலைத் தாண்டாமல் கெயினை வையுங்கள். சிவப்பு எரிந்து சிதைந்த குரலைப் பிறகு சரிசெய்வது பெரும்பாடு.