ரப்பர் பூச்சுக்கு அடியில் உள்ள சொரசொரப்பு மேலே தெரியுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

உப்புத்தாள் மேல் பலூன் ரப்பரை விரித்துத் தடவிப் பாருங்கள், மணல் மணலாக விரலில் நெருடும். பலூனுக்குப் பதில் சைக்கிள் டியூப் துண்டை வைத்தால் நெருடல் கிட்டத்தட்ட காணாமல் போய்விடும். எவ்வளவு தடிமன் போட்டால் அடியில் இருப்பது மறையும்? ஒரு கால்குலேட்டர் இருந்தால் போதும்.

படி 1: அடித்தளமே இல்லை, கீழே முழுக்க ரப்பர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். விரலுக்குப் பதில் அதன் மேல் ஒரு குண்டை அழுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மன் இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் 1882இல் கொடுத்த சூத்திரங்கள் இவை:

தொடுவட்ட ஆரம் = √(குண்டின் ஆரம் × அழுந்திய ஆழம்)
விசை = 4/3 × குணகம் × √குண்டின் ஆரம் × ஆழம்^1.5

ரப்பரின் பாய்சான் விகிதம் (நீளவாக்கில் இழுத்தால் குறுக்கே எந்த விகிதத்தில் சுருங்கும் என்பது) ஏறக்குறைய 0.5 என்பதால், யங் குணகத்தை (பொருளின் விறைப்பைக் காட்டும் எண்) 0.75ஆல் வகுத்தால் வருவதுதான் இந்தக் குணகம்.

படி 2: 10 மி.மீ. ஆரமுள்ள எஃகுக் குண்டு, யங் குணகம் 2 மெகாபாஸ்கல் (20 லட்சம் பாஸ்கல்) உள்ள ரப்பர், ஆழம் 0.1 மி.மீ. எல்லாவற்றையும் மீட்டருக்கு மாற்றிப் போடுங்கள் (நான் தப்பு விட்டதெல்லாம் இங்கேதான்). தொடுவட்ட ஆரம் 1 மி.மீ., விசை 0.36 நியூட்டன். ஏதோ 36 கிராம் எடையை வைத்த மாதிரி.

படி 3: இப்போது பூச்சு வெறும் 0.5 மி.மீ. என்றால்? ஆழம் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குதானே, அடித்தளம் எங்கே தெரியப்போகிறது என்று தோன்றும். ஆனால் பார்க்க வேண்டியது ஆழத்தை அல்ல, தொடுவட்டத்தின் அகலத்தை. அழுத்தம் ஏறக்குறைய அந்த அகலம் அளவுக்குக் கீழே இறங்கும். இங்கே அகலம் 2 மி.மீ., தடிமனைப் போல நான்கு மடங்கு. போதாக்குறைக்கு ரப்பர் கனஅளவில் சுருங்காது, பக்கவாட்டில் பிதுங்கத்தான் பார்க்கும், அடியில் ஒட்டியிருந்தால் அதற்கும் வழியில்லை. ஆகவே அதே ஆழத்துக்கு 0.36ஐவிட நிறையவே விசை கொடுக்க வேண்டியிருக்கும்.

படி 4: அடுத்து சொரசொரப்பு. ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு உள்ள தூரத்தை அளந்து, தடிமனை அதால் வகுத்து 6.28ஆல் பெருக்குங்கள். வரும் எண்ணுக்கு எதிர்க்குறி போட்டு அடுக்குக்குறிச் சார்பில் (கால்குலேட்டரில் eˣ பொத்தான்) கொடுத்தால், மேடுபள்ளத்தின் தாக்கத்தில் எவ்வளவு பங்கு மேலே வருகிறது என்று தோராயமாகத் தெரியும். 0.5 மி.மீ. பூச்சுக்கு அடியில் 0.5 மி.மீ. இடைவெளி என்றால் சுமார் 500இல் ஒரு பங்கு, 5 மி.மீ. இடைவெளி என்றால் பாதிக்கு மேல். பொடி மணல் மறைந்துவிடும், நீண்ட நெளிவு மறையாது. மேடுகளின் உயரமே தடிமனை நெருங்கினால் இந்தக் கணக்கு செல்லாது.

குண்டை வைத்துச் செய்து பார்க்கும்போது, எடை குறைவாக இருந்தால் தொடுவட்டம் சூத்திரம் சொல்வதைவிடப் பெரிதாக வரலாம். ரப்பர் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். ஜான்சன், கெண்டல், ராபர்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1971இல் இதையும் கணக்கில் சேர்த்தார்கள். இப்போதைக்குக் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.