புகைப் பரிசோதனைக்கு வண்டி சூடாகப் போகட்டும்

பழைய டாடா ஏஸ் மாதிரி சின்ன டீசல் வண்டியை எஃப்.சி.க்காக (வாகனத் தகுதிச் சான்று) புகைப் பரிசோதனைக்கு விடுமுன், ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து, மதுரை மேலூர் சாலையில் 15 கிலோமீட்டராவது மூன்றாவது கியரில் நன்றாக இழுத்து ஓட்டுங்கள். இன்ஜினை ஆறவிடாமல் நேராகச் சோதனைக்கு விடுங்கள்.

மாட்டுத்தாவணி நெரிசலிலேயே ஊர்ந்து ஓடும் வண்டியின் சைலன்சரில் கரி படிந்திருக்கும். சோதனையில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்கும்போது அது மொத்தமாக வெளியேறி அளவைக் கூட்டிவிடும். ஆறிய இன்ஜினில் டீசலும் முழுதாக எரியாது. 8 வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. ஆண்டுதோறும் என்பதால், தவறாமல் செய்யுங்கள்.

நீலப் புகைக்கு இது பலிக்காது. அது ஆயில் எரிவது. பிஸ்டன் ரிங்கைப் பாருங்கள். ஓட்டிய பிறகும் கரும்புகை நிற்காவிட்டால் இன்ஜெக்டரைச் சோதியுங்கள். ரேடியேட்டர் கசியும் வண்டியைத் தயவுசெய்து இப்படி இழுக்காதீர்கள், இன்ஜின் அதிகமாகச் சூடேறி ஹெட் கேஸ்கெட் போய்விடும்.