பார்வர்டு போட்டால் பிள்ளை ஓடுமா? தோட்டத்து ஊர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் கோல சிலாங்கூர் மாவட்டத்தில் பத்தாங் பெர்ஜுந்தை என்றொரு ஊர். 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். பெரியவர்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். சுற்றிலும் செம்பனைத் தோட்டம். இந்த மாதிரி ஊர்களில் கோயில் இளைஞர் பிரிவோ, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கமோ, காற்பந்துக் குழுவோ 'நம் பிள்ளைகள் நல்ல சாப்பாடு சாப்பிடணும், ஓடியாடணும்' என்று முடிவெடுத்தால், முதல் வேலையாக ஒரு வாட்சாப் குழு திறக்கிறார்கள். அடுத்த வாரம் ஒரு டிக்டாக் கணக்கு. மூன்றாவது மாதம் பார்த்தால் இரண்டிலும் காலை வணக்கப் படங்கள்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

எண்ணத்தில் குறை ஒன்றும் இல்லை. 2022இல் நாடு முழுக்க நடந்த இளையோர் உடல்நல ஆய்வில், பதின்ம வயதினரில் ஏறக்குறைய பத்தில் மூன்று பேர் உடல் எடை கூடியவர்கள் அல்லது உடல் பருமன் உள்ளவர்கள் என்று தெரிந்தது. 2019 தேசிய உடல்நல ஆய்வில் இந்தியப் பெரியவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு இனிப்புநீர் (நீரிழிவு) இருந்தது. மற்ற இனங்களைவிட நமக்குத்தான் அதிகம். ஆக, பிள்ளைகள் வயதிலேயே ஏதாவது செய்தாக வேண்டும். ஆனால் கைப்பேசியால் ஆகக்கூடிய காரியம் சின்னது: இன்ன நேரத்தில், இன்ன இடத்துக்கு வா, கடையில் இதைக் கேள் என்று பிள்ளையைத் தூண்டிவிடுவது. அதை மறந்துவிட்டு, போட்ட பதிவே வேலை முடிந்ததற்கு அடையாளம் என்று நினைக்கும்போதுதான் தவறுகள் வரிசையாக வருகின்றன.

பிள்ளை இல்லாத குழுவில் பிள்ளைக்குப் புத்திமதி

வாட்சாப் குழுவில் அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறார், சித்தப்பா இருக்கிறார். இடைநிலைப்பள்ளியில் படிவம் 2 படிக்கும் பையன் இல்லை. இருந்தாலும் சத்தத்தை அடைத்து வைத்திருப்பான். அவன் டிக்டாக்கில் இருக்கிறான், விளையாட்டுச் செயலியின் அரட்டையில் இருக்கிறான்.

தமிழ்ப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு, அதாவது தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு, இந்தச் செயலிகள் எதுவும் உரியதில்லை. 13 வயதுக்குக் குறைந்தவர்களை டிக்டாக்கும் இன்ஸ்டாகிராமும் தம் விதிப்படியே அனுமதிப்பதில்லை. 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கே கூடாது என்று அரசும் 2025 நவம்பரில் அறிவித்தது. அதனால் சின்னப் பிள்ளைகளுக்கான செய்தி அம்மாவுக்குப் போகட்டும். நாளை பள்ளிக்கு என்ன கட்டிக்கொடுக்கலாம் என்று அவருக்கு ஒரு படம் அனுப்பினால் பயன் உண்டு. பெரிய பிள்ளைகளுக்கு வேண்டியதை ஊரிலேயே இருக்கும் பதினெட்டு, இருபது வயது அண்ணனோ அக்காவோ எடுக்கட்டும். 'அன்பார்ந்த மாணவச் செல்வங்களே' என்று மைக் பிடித்துத் தொடங்கும் காணொலியைப் பையன் இரண்டாவது விநாடியிலேயே தள்ளிவிடுவான். அவன்மேல் குற்றம் சொல்ல முடியாது, நமக்கே பொறுமை இருக்காது.

இன்னொன்று: பல வீடுகளில் நல்ல கைப்பேசி ஒன்றுதான், அதுவும் அப்பாவோடு ஷிப்டுக்குப் போய்விடும். டேட்டா முன்கட்டணத்தில் ஓடுகிறது. ஏழு நிமிடக் காணொலியை யார் பார்ப்பார்கள்? அரை நிமிடம் போதும். அதையும் இரவு பதினொன்றுக்கு அனுப்பாதீர்கள். பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளி பஸ்ஸுக்காக இருட்டிலேயே எழுந்திருக்கிறார்கள்.

நம் கடையில் கிடைக்காத சாப்பாடு

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது இதுதான். அவகாடோ, கினோவா, பாதாம் பால் என்று ஒரு பக்கம். இன்னொரு பக்கம் தமிழ்நாட்டுக் காணொலிகளில் வரும் சாமை, தினை, கருப்புக் கவுனி. எல்லாம் நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஊர் மளிகைக் கடையில் இல்லை, இருக்கும் இடத்தில் விலை ஏறிக் கிடக்கிறது. செம்பனைக் குலை வெட்டும் கணவரின் சம்பளத்தில் ஐந்து பேருக்குச் சமைக்கிற அம்மா இதைப் பார்த்துவிட்டு, 'நல்ல சாப்பாடு பணக்காரங்களுக்குத்தான்' என்று முடிவுகட்டிவிடுவார். அதோடு அவர் உங்கள் பதிவுகளைத் திறக்கவே மாட்டார்.

வீட்டுக்குப் பின்னால் முருங்கை நிற்கிறது. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கங்கோங் கீரை, சாவிக் கீரை, பயற்றங்காய் கிடைக்கும். கெம்போங் மீன், முட்டை, பருப்பு, தெம்பே, பப்பாளி, கொய்யா. இவற்றை வைத்தே சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செபாரோ' (கால், கால், பாதி) தட்டைக் காட்டலாம்: கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ முட்டையோ பருப்போ, பாதித் தட்டு காய்கறியும் பழமும். நம் வீட்டுத் தட்டில், நம் மீன் குழம்போடு எடுத்த படமாக இருக்க வேண்டும், விலையையும் எழுத வேண்டும். 'சோற்றை நிறுத்து' என்று சொல்லும் காணொலியைப் பகிரவே வேண்டாம். வளரும் பிள்ளைக்குச் சோறும் வேண்டும், அளவு மட்டும்தான் கேள்வி.

சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் குடிப்பதைப் பற்றிப் பேச மறந்துவிடுகிறார்கள். மைலோ ஐஸ், தே தாரிக், சிராப் பண்டோங், டின் பானம். உலகச் சுகாதார நிறுவனம் சேர்க்கும் சர்க்கரையை ஒரு நாளின் ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள் வைக்கச் சொல்கிறது. 2,000 கலோரி கணக்கில் அது 50 கிராம். பாதியாக்கினால் இன்னும் நல்லது. டின்னில் 100 மில்லிக்கு 10 கிராம் என்று எழுதியிருந்தால், 320 மில்லி டின் ஒன்றிலேயே 32 கிராம், அதாவது எட்டுத் தேக்கரண்டி, உள்ளே போய்விடுகிறது. இந்தக் கணக்கைப் பிள்ளைகளையே போடச் சொல்லிப் படம் எடுங்கள், பார்ப்பார்கள். 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள டின், போத்தல் குளிர்பானங்களுக்கு 2019 ஜூலை முதல் அரசு வரி உண்டு. கடைக்காரர் கெட்டிப்பால் ஊற்றி ஆற்றித் தரும் தே தாரிக்குக்கு அந்த வரியும் இல்லை, அளவு சொல்லும் லேபிளும் இல்லை.

இதற்கு எடுக்கக்கூடிய நல்ல காணொலி பதினைந்து விநாடிதான். ஊர்க் கடையில் ஒரு பையன் போய் நின்று 'அண்ணே, தே ஓ ஆயிஸ், குராங் மானிஸ்' என்று, பால் இல்லாத ஐஸ் தேநீரை இனிப்புக் குறைத்துக் கேட்கிறான். அவ்வளவே. இன்னும் துணிந்தவன் 'கோசோங்', அதாவது சர்க்கரையே வேண்டாம் என்று கேட்கட்டும். கடைக்காரர் முகத்தையும் காட்டினால் ஊரே பார்க்கும், அவரிடம் முதலில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். விளையாட்டுப் போட்டிப் படங்களைப் பதிவேற்றும்போதும் கவனம் தேவை. பேனரில் 'சர்க்கரையைக் குறைப்போம்', பரிசுக் கூடையில் கார்டியல் (சர்க்கரைப் பாகு) போத்தல். பிள்ளைகள் இதையெல்லாம் நம்மைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்துக் கிண்டல் செய்வார்கள்.

பயம் காட்டுவதும் வெட்கப்படுத்துவதும்

வெட்டி எடுத்த காலின் படத்தைப் போட்டால் பிள்ளை திருந்தும் என்று ஒரு நம்பிக்கை. பதினைந்து வயதுக்காரனுக்கு அது தாத்தாவின் நோய், தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சில வீடுகளில் அந்தத் தாத்தாவே கால் இழந்து முன்வாசலில் உட்கார்ந்திருப்பார். அங்கே அந்தப் படம் வேறு மாதிரி வலிக்கும். இரண்டாம் பாதி ஆட்டத்தில் மூச்சு வாங்காமல் ஓடுவது எப்படி என்று சொல்லுங்கள், கேட்பான்.

அதைவிட மோசம் எடைப் போட்டி. '30 நாளில் யார் அதிகம் குறைக்கிறார்கள்' என்று அறிவித்து, குறைக்கும் முன்பும் பின்பும் எடுத்த படங்களைப் போடுவது பெரியவர்களுக்கே நல்லதில்லை. வளரும் வயதில் எடை கூடுவது இயல்பு. போட்டிக்காகப் பட்டினி கிடக்கும் பெண்பிள்ளையை யாரும் கவனிக்க மாட்டார்கள், கைதட்டக்கூடச் செய்வார்கள். பெரியவர்களுக்கான பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) கணிப்பானைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் இதே வகை. 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் வைத்துப் பார்க்கும் அட்டவணையை உலகச் சுகாதார நிறுவனம் 2007இலேயே வெளியிட்டிருக்கிறது. 8 வயதுப் பிள்ளைக்கு 22 என்று வந்தால் பெரியவர் கணக்கில் அது சரியான எடை. பிள்ளைகள் அட்டவணையில் அது உடல் பருமன். சந்தேகம் இருந்தால் கிளினிக்கில் கேட்கட்டும், குழுவில் எண்ணைப் போடச் சொல்லாதீர்கள்.

பெரிய நகரத்தில் ஒரு கிண்டல் கமெண்ட் இரண்டு நாளில் மறந்துபோகும். நம் ஊரில் 'குண்டு' என்று எழுதியவனும் எழுதப்பட்டவளும் திங்கள்கிழமை ஒரே பஸ்ஸில் போக வேண்டும். அதனால் கமெண்டைப் பார்த்து நீக்க ஒரு பொறுப்பாளர் இல்லாமல் பிள்ளைகளின் படத்தைப் போடவே கூடாது. பெற்றோரின் சம்மதமும் முதலில் வேண்டும்.

அப்புறம், குடித்தால் உடம்பு மெலியும் என்று காப்பி விற்கும் இந்த ஏஜெண்டுகள். உங்கள் குழு பெருகியதும் முதலில் வந்து சேர்வது அவர்கள்தான். இதயத்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும் சிபுட்ராமின் என்ற எடைக் குறைப்பு மருந்தைப் பல நாடுகள் 2010இல் சந்தையிலிருந்து எடுத்துவிட்டன. மெலியும் காப்பிப் பொட்டலங்களில் அது கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. ஏஜெண்ட் நிர்வாகியின் மைத்துனராகவே இருந்தாலும் நீக்கிவிடுங்கள். கல்யாண வீட்டில் முறைத்துக்கொண்டால் முறைத்துக்கொள்ளட்டும்.

அடி எண்ணும் செயலி

ஒரு நாளைக்கு 10,000 அடி நடை என்பது மருத்துவர்கள் கண்டுபிடித்த அளவு என்று பலர் நினைக்கிறார்கள். 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது அது. 5 முதல் 17 வயதினருக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது வேறு: சராசரியாக ஒரு நாளைக்கு 60 நிமிடம் மூச்சு வாங்கும்படியான அசைவு, வாரத்தில் மூன்று நாளாவது தசையும் எலும்பும் வலுப்படும் ஆட்டம்.

அடிப் போட்டி வைத்தால் ஜெயிப்பது பெரும்பாலும் நல்ல கடிகாரம் வைத்திருப்பவன்தான். பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுபோக முடியாது. காற்பந்து ஆடுகிறவன் அதைப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் இறங்குகிறான். கபடி, சிலம்பம், பரதம், கயிறு தாண்டுவது எதையும் செயலி சரியாக எண்ணாது. பெண்பிள்ளைகளைச் சாயங்காலம் தனியாகத் திடலுக்கு அனுப்ப அம்மாவுக்கு மனம் வராது, அதற்கும் செயலியில் பதில் இல்லை. இப்படி ஒரு செய்தி போனால் அனுப்புவார்: 'சனிக்கிழமை மாலை 5.30, பள்ளித் திடல், பெண்பிள்ளைகள் கபடி. இரண்டு அக்கா கூட இருப்பார்கள். 7 மணிக்கு முடியும், வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவோம்.' மழை வந்தால் 5 மணிக்குள் ஒரு வரி. புகைமூட்டத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளி ஆட்டம் இல்லை என்று இன்னொரு வரி. அலங்காரம் ஒன்றும் வேண்டாம்.

கடைசியில் எதை எண்ணுவது? காணொலியை 2,000 பேர் பார்த்தார்கள் என்று கூட்டத்தில் கைதட்டலாம், ஆனால் அதில் பாதிப் பேர் ஈப்போவிலோ சென்னையிலோ இருப்பார்கள். மூன்றாவது சனிக்கிழமை எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், அதில் பெண்பிள்ளைகள் எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எண்ணிக்கை இறங்கினால் உடனே புதுக் காணொலி எடுக்கக் கிளம்பாதீர்கள், வராத வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். தோட்டத்திலிருந்து ஊருக்கு வரச் சனிக்கிழமை வண்டி இல்லை என்பார்கள். படம் எடுக்க ஒதுக்கிய ரிங்கிட்டை அப்போது வேனுக்கு எண்ணெய் போடக் கொடுத்துவிடலாம்.