வேர்வை வடியிறதில ஒண்டுமில்ல, காயோணும்: திருகோணமலைல ஓடுறாக்களுக்கு

வேர்வை சொட்டச் சொட்ட ஓடினா நல்ல எக்ஸர்சைஸ் எண்டு கனபேர் நினைக்கிறாங்க. உண்மையில வேர்வை தோல்ல காயேக்கதான் உடம்புச் சூட்டக் கொண்டுபோகும், நாடியால வழிஞ்சு நிலத்தில விழுறது சும்மா போன தண்ணி. அதால உடுப்பு வாங்கேக்க பாக்கவேண்டியது ஒண்டுதான், இது காய விடுமா விடாதா. பிராண்ட் எல்லாம் பிறகு.

என்ட கதையச் சொல்றன். கோட்டை வாசல்ல இருந்து மான் மேயிற இடத்தால கோணேசர் கோயிலடி ஏத்தம் வரைக்கும் பழைய கோட்டன் டீசேர்ட்டோட ஓடிட்டு வந்து கழட்டிப் பிழிஞ்சா, தோய்ச்ச உடுப்பு மாதிரி தண்ணி ஓடுது. கோட்டன் குடிச்சத லேசில விடாது, பாரமாகி உடம்போட ஒட்டி, அக்குளும் முலைக்காம்பும் உரஞ்சு குளிக்கேக்க எரியிற எரிவு இருக்கே! உரஞ்சுற இடத்துக்கு முதலே கொஞ்சம் வாசலின் பூசுங்க.

பொலியெஸ்டர் தண்ணியக் குடிக்காது, பரப்பிவிடும், கெதியாக் காயும். ஆனா எல்லாம் சரியில்ல. டோர்னமென்டுக்கு அடிக்கிற ஜேர்சில சிலது தடிச்ச துணி, நெஞ்சு முழுக்க ரப்பர் பிரிண்ட் வேற, பொலித்தீன் பேக்குக்குள்ள இறங்கின மாதிரித்தான் கிடக்கும். கடையில துணிய வாயோட வச்சு ஊதிப் பாருங்க, மற்றப்பக்கம் கைக்குக் காத்து வந்தா எடுக்கலாம். கடைக்காரர் ஒரு மாதிரிப் பாப்பார், பாக்கட்டும். வெயிலுக்க ஓடுறாக்கள் கறுப்ப விட்டு வெளிர் நிறமா, தொளதொளப்பா எடுங்க.

பொம்பிளையள் இன்னர் ஹாபர் ரோட்டில நடக்கேக்க மேல நீட்டா, தொளதொளப்பாப் போடுறது பிரச்சினையில்ல, அதுக்குள்ள காத்து போய்வரும். தோலோட ஒட்டியிருக்கிறதுதான் முக்கியம், ஸ்போர்ட்ஸ் பிரா, பர்தாவுக்கு உள்ள கட்டுறது எல்லாம் மெல்லிசா கெதியாக் காயிற துணியா இருக்கோணும்.

இனி காத்து. கச்சான் எண்ட காஞ்ச வெக்கைக் காத்து அடிக்கிற ஜூன், ஜூலைல வேர்வை உடன காஞ்சிடும், வேர்க்கேல்ல எண்டு நினைச்சு தண்ணி குடிக்காம விட்டா தலை சுத்தும். ஓடமுதலும் ஓடினபிறகும் நிறை பாருங்க, ஒரு கிலோ குறைஞ்சா கிட்டத்தட்ட ஒரு லீட்டர் தண்ணி போயிருக்கு, கொழுப்பில்ல. நிறை குறைக்க ரெயின்கோட் மாதிரி சூட் போட்டு ஓடுறாக்களும் இதைத்தான் இழக்கிறாங்க, எங்கட வெக்கைக்கு அது ஆபத்து. காத்து விழுந்து கடல் ஈரம் அப்பிக்கொண்டு நிக்கிற நாள்ல எந்த உடுப்பும் உதவாது, ஸ்பீடக் குறைக்கிறதுதான் வழி. வெளிநாட்டில இருந்து லீவில வாறாக்களுக்கு உடம்பு பழக 10, 14 நாள் எடுக்கும், வந்தண்டைக்கே ஓட வெளிக்கிடாதீங்க. வேர்த்த உடம்பு குளிர்ந்து நடுங்கினா, வாந்தி வந்தா, கதை தடுமாறினா நிழலுக்க இருத்தி தண்ணியால நனைச்சு விசுக்கி, உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகோணும்.

பொலியெஸ்டர்ல நாத்தம் கெதியாப் பிடிக்கும், பேக்குக்குள்ள சுருட்டி வைக்காம அண்டைக்கே அலசுங்க. வாசத்துக்கு ஊத்துற சொஃப்ட்னர் வேணாம், அது துணியில படிஞ்சா பிறகு வேர்வையப் பரப்பாது. அப்பவும் நாறினா வினாகிரி கலந்த தண்ணில அரை மணித்தியாலம் ஊறப் போட்டு, நிழலுக்க காயவிடுங்க.