எபொனைட் பேனை, சீப்பு வீட்டில இருந்தால் சுடுதண்ணி காட்டாதீங்கோ

வெள்ளவத்தை வீட்டு அலுமாரியை ஒதுக்கேக்க அம்மப்பாட பழைய மைப்பேனை கிடைச்சுது, உள்ளுக்குள்ள மை காஞ்சு இறுகிப் போய்க் கிடந்தது, கழுவுவம் எண்டு ஒரு கோப்பை சுடுதண்ணிக்குள்ள முழுப் பேனையையும் போட்டுட்டு தேத்தண்ணி ஊத்தப் போனன். திரும்பி வந்து பாத்தா கறுகறு எண்டு இருந்த பேனை மண்ணிறமா மாறி, கோப்பையில இருந்து கந்தக மணம் அடிக்குது. அது பிளாஸ்டிக் இல்ல, எபொனைட் எண்டு பிறகுதான் தெரிஞ்சுது. எங்கட பழைய வீடுகளில இந்த சாமான் கனக்க இருக்கு, ஆக்களுக்குத் தெரியாமலே பழுதாகுது, அதுக்குத்தான் இதை எழுதுறன்.

எபொனைட் எண்டுறது வேற ஒண்டும் இல்ல, றப்பர்தான். றப்பர் பாலில இருந்து வாறதுக்கு கொஞ்சமா, நூற்றுக்கு 2, 3 பங்கு கந்தகம் சேர்த்து சூடாக்கினா இழுபடுற றப்பர், அதையே நூற்றுக்கு 30, 40 பங்கு கந்தகம் போட்டு மணித்தியாலக் கணக்கில சூடாக்கினா கல்லு மாதிரி இறுகி, கடைசல் மெசினில கடையக்கூடிய, கண்ணாடி மாதிரி மினுக்கக்கூடிய சாமானா வரும். சார்ள்ஸ் குட்இயர் 1839இல கந்தக வழியைக் கண்டுபிடிச்சார், அவற்ற தம்பி நெல்சன் 1851இல இந்த இறுகின வகைக்கு பேட்டன்ட் எடுத்தார். எபொனி, அதாவது கருங்காலி மரம் மாதிரி இருக்கிறதால எபொனைட் எண்டு பேர். எனக்கு இதில பெரிய சந்தோசம் என்னெண்டால் அந்தக் கருங்காலியும் எங்கட நாட்டு மரம், றப்பர் கண்டும் 1876இல கம்பஹா பக்கம் ஹெனரத்கொட தோட்டத்தில நட்டு வளர்த்தது, ரெண்டும் இஞ்ச இருக்கு.

சரி, எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? பெருவிரலால நல்லா அழுத்தி அரை நிமிசம் தேய்ச்சு சூடு வந்த உடன மூக்கில வையுங்கோ, நெருப்புக்குச்சி மாதிரி கந்தக மணம் வந்தா எபொனைட்தான். பழைய சுவிட்ச், ரேடியோப் பெட்டி எல்லாம் பேக்லைட் எண்ட பழைய பிளாஸ்டிக் வகை, அதைத் தேய்ச்சா கார்போலிக் சவர்க்கார மணம் வரும், ரெண்டையும் குழப்பாதீங்கோ. இன்னொரு அடையாளம், வெளிச்சம் பட்ட பக்கம் மண்ணிறமாவோ பச்சை கலந்த மண்ணிறமாவோ இருக்கும், மூடிக்குள்ள மறைஞ்ச இடம் மட்டும் கறுப்பா இருக்கும். ஊசியைச் சூடாக்கிக் குத்திப் பாக்கச் சொல்லுவினம், அதைச் செய்யவே வேண்டாம், ஓட்டை ஓட்டைதான்.

சீப்பில இருந்து தொடங்குவம். நல்ல எபொனைட் சீப்புக்கு பல்லை ஒவ்வொண்டா வாளால அறுத்து மினுக்குறது, அச்சில வார்த்த பிளாஸ்டிக் சீப்பில பல்லுக்கு நடுவில ஒரு கூர்க் கோடு இருக்கும், இதில அது இல்ல, அதால தலைத்தோலில கீறாது, மயிரும் அறாது. எபொனைட் சீப்பில மயிர் ஸ்டாட்டிக் பிடிச்சு எழும்பாது எண்டு விக்கிற ஆக்கள் சொல்லுறதை நம்பாதீங்கோ, பள்ளிக்கூட லாப்பில கம்பளித் துணியால தேய்ச்சு மின்னேற்றிக் காட்டினது எந்தக் கோல் எண்டு யோசிச்சுப் பாருங்கோ, அந்த எபொனைட் கோல்தான். கொழும்பு ஈரக்காத்தில ஸ்டாட்டிக் ஒரு பிரச்சினையும் இல்ல. தேங்காயெண்ணை ஊறின சீப்பைக் கழுவ பச்சைத்தண்ணி, கொஞ்சம் சவர்க்காரம், பழைய டூத்பிரஷ், அவ்வளவும் போதும், கழுவின உடன சீலையால துடைச்சு நிழலில வையுங்கோ. யன்னல் கட்டில காய வைக்காதீங்கோ, வெயிலும் ஈரமும் சேர்ந்தா மேல்பக்கக் கந்தகம் அமிலமா மாறும், நிறமும் போயிடும்.

பேனைதான் முக்கியமான விசயம். இந்தியாவில ராஜமுந்திரியிலயும் திருவள்ளூரிலயும் இண்டைக்கும் எபொனைட் பேனையை கையால கடைஞ்சு செய்யினம், பிடிச்சு எழுதினா கைக்கு இதமா இருக்கும், வேர்த்தாலும் வழுக்காது. கழுவேக்க நிப் பக்கத்தை மட்டும் பச்சைத்தண்ணியில அரை மணித்தியாலம் வைச்சு, தண்ணியை மாத்தி மாத்தி எடுங்கோ, உடம்பை ஊற வைக்க வேண்டாம்.

ஆனா நிப்புக்குக் கீழ இருக்கிற கட்டை, மை போற அந்தக் கறுப்புத் துண்டு, அதுவும் எபொனைட்டா இருந்தா, அதுக்கு மட்டும் சுடுதண்ணி மருந்து. பேனை விட்டு விட்டு எழுதுது எண்டால் கனக்க நேரம் காரணம் நிப்புக்கும் கட்டைக்கும் இடையில வெளிச்சம் தெரியுற அளவுக்கு ஒரு இடைவெளி. எபொனைட் கொதிதண்ணிச் சூட்டில இளகும், ஆறினா இறுகும், அந்தக் குணத்தைத்தான் இதில பாவிக்கிறது. தண்ணியைக் கொதிக்க வைச்சு இறக்கி, நிப்பும் கட்டையும் மட்டும் நனையிற மாதிரி 20, 30 செக்கன் பிடிச்சு, எடுத்த உடன துணி சுத்தின பெருவிரலால நிப்பையும் கட்டையையும் சேர்த்து மெதுவா அழுத்திப் பிடிச்சபடி பச்சைத்தண்ணிக்குள்ள விடுங்கோ. ஒருதரம் காணாட்டி இன்னொருதரம், பலத்தைக் காட்டினா நிப் வளைஞ்சிடும். பிளாஸ்டிக் கட்டை எண்டால் இது சரிவராது, முதல்ல மணத்தைப் பாருங்கோ. அம்மப்பாட பேனை இப்பிடிச் செய்த பிறகுதான் ஒரே சீரா எழுதத் தொடங்கினது, நான் அதாலதான் கடைக்கு சாமான் லிஸ்ட் எழுதுறன்.

நிறம் போனதைத் திருப்பிக் கொண்டு வரலாமோ எண்டால், வரலாம், ஆனா மேல்தோலை உரிச்சுத்தான். 2000 நம்பர் சாண்ட் பேப்பரை தண்ணியில நனைச்சு, ஈரமாவே தேய்ச்சு, பிறகு மெட்டல் பொலிஷ் போட்டு மென்சீலையால மினுக்கோணும். கிளிப், வளையம் எல்லாத்தையும் டேப்பால மூடுங்கோ. பேனையில கம்பனிப் பேரோ ஆக்களின்ற பேரோ செதுக்கி இருந்தா அந்த இடத்தைத் தொடாதீங்கோ, அழிஞ்சா திரும்ப வராது. பிளீச்சில போட்டா கெதியா கறுக்கும் எண்டு சொல்லுறவையும் இருக்கினம், மண்ணிறம் போகும்தான், ஆனா தோல் சொரசொரப்பா வந்திடும்.

கிளாரினெட், சாக்சபோன் ஊதுற பிள்ளையள் இருந்தா அந்த மவுத்பீஸும் கனக்க எபொனைட்தான், ஊதி முடிஞ்ச உடன பச்சைத்தண்ணியில அலசித் துடைக்கச் சொல்லுங்கோ, சுடுதண்ணியில வளைஞ்சா சத்தமே மாறிடும். தாத்தாமாரின்ற சுங்கான் வாய்க்குழாயும் இதே கதை. முந்தி கார் பட்டரிப் பெட்டியும் இதிலதான் செய்தவை, பட்டரி அமிலம் இதை ஒண்டும் செய்யாது. எபொனைட்டில செய்த பழைய பல்லுச் செட் சிவப்பா இருந்தா அதைத் தேய்க்கவோ சுரண்டவோ வேண்டாம், அந்தச் சிவப்புக்கு பாதரசம் கலந்த நிறம் போட்டிருப்பினம். நிறம் மாறின பழைய எபொனைட் துண்டை கரண்ட் வேலைக்கு எடுக்கவே வேண்டாம், மேல அமில ஈரம் படிஞ்சா கரண்ட் ஓடும், எங்கட வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். உடைஞ்சதை எரிக்கவும் வேண்டாம், கந்தகப் புகை நெஞ்சை அடைக்கும்.

வைக்கிறது எண்டால் இருட்டான, ஈரம் இல்லாத லாச்சி, தனித் துணிப்பை. செட்டியார் தெருவில வாங்கின வெள்ளிக் கொலுசோட ஒரே பெட்டிக்குள்ள வைச்சிடாதீங்கோ, கந்தகம் பட்டு வெள்ளி கறுத்துப் போகும்.