சார், கோடு கரெக்ட்தான்… ரோபோதான் தப்பாப் போகுது

சனிக்கிழமை வகுப்பில் நான் அதிகம் கேட்கிற புகார் இது. ஆறாம் வகுப்புப் பையன் மடிக்கணினியில் பிளாக்குகளை, அதாவது கட்டளை எழுதிய வண்ணத் துண்டுகளை, அழகாக அடுக்கியிருப்பான். திரையில் பூனை நேராக நடக்கும், ஓரத்தைத் தொட்டதும் திரும்பும். அதே யோசனையை இரண்டு மஞ்சள் மோட்டார் பூட்டிய வண்டிக்கு அனுப்பினால், அது இடப்பக்கமாக இழுத்துக்கொண்டே போய் மேசைக்காலில் முட்டி, நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும். பக்கத்தில் அப்பாவோ டீச்சரோ இருந்தால் உடனே குனிந்து மவுஸை வாங்குவார்கள். இரண்டு நிமிடத்தில் வண்டி சரியாகிவிடும். பையன் அதற்குள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பான்.

பிள்ளைகளுக்கு ரோபோ சொல்லிக்கொடுப்பதில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை பெரியவர்கள் செய்பவை. மவுஸை வாங்குவதுதான் அதில் முதலாவது. என் வகுப்பில் நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பேன். பழக்கம் இல்லாவிட்டால் கை தானாக நீளும், அதனால்தான்.

எம்ஐடி மீடியா லேப் 2007இல் பிளாக் அடுக்கி புரோகிராம் செய்யும் ஸ்கிராட்ச்சை வெளியிட்டபோது புதிதாகக் கற்பவர்களின் ஒரு பெரிய தலைவலி ஒழிந்தது. அரைப்புள்ளி விட்டுப்போச்சு, அடைப்புக்குறி மூடவில்லை என்ற பேச்சே அதில் இல்லை. பொருந்தாத பிளாக்குகள் ஒட்டவே ஒட்டாது. ரோபோவுக்கு நாம் பயன்படுத்தும் பிக்டோபிளாக்ஸ், எம்பிளாக், மேக்கோடு எல்லாமே இந்த அடுக்குகிற வகைதான். ஆனால் இதிலிருந்து பெரியவர்களுக்கு ஒரு மயக்கம் வந்துவிட்டது: பிளாக் ஒட்டிவிட்டால் புரோகிராம் சரி. ஒட்டியது எழுத்துப்பிழை இல்லை என்பதற்கு மட்டுமே சாட்சி. யோசனையில் இருக்கும் பிழையும், தரையில் நடக்கும் பிழையும் அப்படியே காத்திருக்கின்றன.

தரையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் அதிக நேரம் வீணாகிறது.

கடையில் கிட் வாங்கும்போது கூடவே கொடுப்பார்களே, அந்தச் சின்ன 9 வோல்ட் பேட்டரி, அதுதான் முதல் எதிரி. மீட்டருக்கும் சின்ன ரேடியோவுக்கும் அது போதும். இரண்டு மோட்டாரை ஓட்டும் மின்னோட்டத்தை அதனால் தொடர்ந்து கொடுக்க முடியாது. மோட்டார் கிளம்புகிற நொடியில் வோல்ட் சரிந்து, வண்டியின் மூளையான அர்டுய்னோ போர்டு அணைந்து மறுபடி உயிர் பெறும். புரோகிராம் முதலிலிருந்து ஓடும். பார்க்கிற பிள்ளைக்கு என்ன தெரியும்? வண்டி கொஞ்சம் போகிறது, நிற்கிறது, மறுபடி கொஞ்சம் போகிறது. பாவம், அரை மணி நேரம் பிளாக்குகளை மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருக்கும். 18650 என்ற சார்ஜ் செய்கிற லித்தியம் செல் இரண்டைத் தொடராகச் சேர்த்துப் போட்டால் 7.4 வோல்ட் கிடைக்கும். மோட்டாரை ஓட்டும் பலகையான எல்298என் டிரைவர் அதில் ஏறக்குறைய 2 வோல்ட்டை விழுங்கினாலும் மீதி மோட்டாருக்குப் போதும். ஆனால் அந்தச் செல்லின் இரு முனையும் ஒன்றோடொன்று பட்டால் தீப்பிடிக்கக்கூடும். ஹோல்டரில் மட்டுமே போட வேண்டும், சார்ஜ் போடுவது பெரியவர் வேலை. மோட்டாருக்கும் போர்டுக்கும் தனித்தனி மின்சாரம் கொடுப்பவர்கள் இரண்டின் கிரவுண்டு (நெகட்டிவ்) ஒயரையும் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். அப்போது வண்டி அசையாது, அல்லது பேய் பிடித்ததுபோல் ஆடும்.

அடுத்தது நேரத்தை நம்புவது. “வலது பக்கம் 1 வினாடி திரும்பு” என்று பிளாக் போட்டால் காலையில் 90 டிகிரி திரும்பும். மாலையில் சார்ஜ் இறங்கியபின் 70தான் வரும். வழவழப்பான டைல்ஸில் ஒரு கணக்கு, சிமெண்டுத் தரையில் வேறொரு கணக்கு. பிஓ மோட்டார் என்று நாம் சொல்கிற அந்த மஞ்சள் மோட்டாருக்குத் தான் எத்தனை சுற்று சுற்றினோம் என்று தெரியாது. லெகோவின் என்எக்ஸ்டி, ஈவி3 ரோபோ கிட்டுகளின் மோட்டார்களுக்குள் சுற்றை எண்ணும் சென்சார் உண்டு; அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு மஞ்சள் மோட்டாரிடம் அதே துல்லியத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. இதைப் பிள்ளையின் தவறாகப் பேசாமல் ஒரு சோதனையாக மாற்றிவிடலாம். ஒரே புரோகிராமைப் பத்து முறை ஓட்டச் சொல்லி, வண்டி நிற்கிற இடத்தில் ஒவ்வொரு முறையும் சாக்பீஸால் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். பத்துப் புள்ளியும் ஒரே இடத்தில் விழாது. ஏன் என்று அவர்களே பேச ஆரம்பிப்பார்கள். நேராகப் போகாத வண்டிக்கும் இதே வைத்தியம்தான்: ஒரு மோட்டாருக்கு வேகம் 200, மற்றதற்கு 185 என்று மாற்றி மாற்றி, புள்ளி பார்த்து, எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த எண்ணை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

சென்சாரில் நடக்கும் தவறு வேறு மாதிரி. “தூரம் 15க்குக் குறைந்தால் நில்” என்ற பிளாக்கை எல்லோரும் போடுகிறார்கள். சென்சார் உண்மையில் என்ன எண்ணைச் சொல்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. நம் கிட்டுகளில் பரவலாக வருகிற எச்.சி-எஸ்ஆர்04 என்ற தூர சென்சார் ஒலி அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை அளந்து, 2 சென்டிமீட்டர் முதல் 400 சென்டிமீட்டர் வரை தூரம் சொல்லும். முன்னால் கனமான திரைச்சீலை இருந்தால் துணி ஒலியை உறிஞ்சிவிடும். சுவர் சாய்வாக இருந்தால் எதிரொலி வேறு பக்கம் போய்விடும். எதிரொலி வரவே இல்லையென்றால் பல புரோகிராம்களில் விடை 0 என்று வரும். 0 என்பது 15ஐ விடக் குறைவுதானே? ஆகவே எதிரே எதுவுமே இல்லாத பெரிய ஹாலில் வண்டி அசையாமல் நிற்கும். ஒரு ஆண்டு விழாவில் இதே கோளாறால் நான் மேடையில் அசடு வழிந்திருக்கிறேன். வகுப்பறையில் ஓடிய வண்டி அரங்கத்தில் ஓடவில்லை, நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு அறிவியலின் வளர்ச்சி பற்றிப் பேசி நேரத்தை ஓட்டினேன். அன்றிலிருந்து ஒரு விதி: நிபந்தனை பிளாக்கைத் தொடுவதற்கு முன், எண்ணைத் திரையில் காட்டவிட்டு, கையை முன்னும் பின்னும் நீட்டி ஐந்து நிமிடம் விளையாட வேண்டும். 0 வந்தால் என்ன செய்வது என்று அதன் பிறகுதான் பேச்சு.

கறுப்புப் பட்டையைத் தொடர்கிற வண்டியிலும் இதே கதைதான். தமிழில் இன்னொரு குழப்பமும் சேரும்: “கோடு சரியில்லை” என்று பிள்ளை சொன்னால் தரையில் ஒட்டிய கோடா, திரையில் இருக்கிற கோடா என்று கேட்க வேண்டியிருக்கிறது. கேட்பது நல்லதுதான், பிழை எங்கே என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அங்கேயே தொடங்கிவிடும். ஐஆர் சென்சார் அகச்சிவப்பு ஒளியைப் பார்க்கிறது. வெயிலிலும் அது ஏராளமாக இருக்கிறது. டியூப்லைட் வெளிச்சத்தில் சரிசெய்த வண்டி ஜன்னலோரம் வந்ததும் தடுமாறும். சென்சார் பலகையில் இருக்கும் நீலநிறத் திருகை ஸ்க்ரூ டிரைவரால் அந்த இடத்திலேயே சரிசெய்ய வேண்டும், முந்தின நாள் வீட்டில் அல்ல.

இனி யோசனைப் பிழைகள். இரண்டுதான் திரும்பத் திரும்ப வரும். சென்சாரைப் பார்க்கும் “இஃப்” (இப்படி இருந்தால்) பிளாக்கை “ஃபாரெவர்” (திரும்பத் திரும்பச் செய்) பிளாக்குக்குள் வைக்காமல் வெளியே வைப்பது ஒன்று. வண்டி கிளம்பும்போது ஒரே ஒரு முறை கண்ணைத் திறந்து பார்க்கும், அப்புறம் சுவரில் மோதும்வரை கண்ணை மூடிக்கொண்டே போகும். ஃபாரெவருக்குள் “1 வினாடி காத்திரு” என்று செருகி வைப்பது மற்றொன்று. வண்டி வினாடிக்கு அரை மீட்டர் போகிறது என்றால், அந்த ஒரு வினாடியில் 50 சென்டிமீட்டரைக் குருடாகக் கடக்கும்; 15 சென்டிமீட்டரில் நிற்கச் சொன்னது எப்படி நடக்கும்? இதைப் பலகையில் விளக்கினால் தலையாட்டுவார்கள். ஒருவன் கண்ணைக் கட்டி, மற்றவன் “இப்போ பார், இப்போ மூடு” என்று சொல்லி அறைக்குள் நடக்கவிட்டால் நன்றாகப் புரிகிறது.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1967இல் பிள்ளைகளுக்காகவே பிறந்த லோகோ என்ற புரோகிராம் மொழிக்குப் பின்னால் தரையில் ஊர்கிற ஆமை ரோபோ வந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பாப்பர்ட், ஆமைக்குக் கட்டளை எழுதத் தடுமாறும் பிள்ளையை எழுந்து ஆமையாக நடக்கச் சொல்வார். இடது, வலது குழப்பத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. எதிரே வரும் வண்டியின் வலது உங்கள் இடது. உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்து எழுதும் பிள்ளை பாதி நேரம் தப்பாகத்தான் திருப்பும்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் பெற்றோர் அடிக்கடி போன் செய்து கேட்பது: “கேபிளைப் பிடுங்கினா நின்னுடுது சார், போர்டு போச்சா?” போகவில்லை. எம்பிளாக்கிலும் பிக்டோபிளாக்ஸிலும் ஓட்டுவதற்கு இரண்டு விதம் உண்டு. ஒன்றில் புரோகிராம் கணினியில் ஓடி கேபிள் வழியே வண்டியை ஆட்டுவிக்கும்; மற்றதில் போர்டுக்குள்ளேயே ஏறிவிடும். வண்டி தனியாக ஓட வேண்டுமென்றால் அப்லோடு முறைக்கு மாற்ற வேண்டும். அப்லோடு ஆகவே மாட்டேன் என்றால் 0, 1 எண் பின்களில் ஏதாவது செருகியிருக்கிறதா என்று பாருங்கள். கணினியோடு பேசுவதற்கும் போர்டு அந்த இரண்டு பின்களைத்தான் பயன்படுத்துகிறது. ப்ளூடூத் பலகை பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

வயதைப் பார்க்காமல் தொடங்குவதும் நடக்கிறது. யுகேஜி பிள்ளைக்கு ஒயர் செருகக் கற்றுக்கொடுக்கும் விளம்பரங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். ஸ்கிராட்ச்ஜூனியர் 5 முதல் 7 வயதுக்கு, ஸ்கிராட்ச் 8 வயதிலிருந்து. அதற்கும் சின்னவர்களுக்கு முதுகில் அம்புக்குறிப் பொத்தான் இருக்கிற பீபாட் போன்ற பொம்மையே போதும், திரையே வேண்டாம். மொழியையும் பார்க்க வேண்டும். ஆங்கிலம் தடுமாறும் பிள்ளை பிளாக்கைப் படிக்காமல் நிறத்தை வைத்து மனப்பாடம் செய்துகொள்ளும்; நிறம் மறந்தால் எல்லாம் மறந்துவிடும்.

மத்திய அரசு 2016இல் தொடங்கிய திட்டத்தில், பிள்ளைகள் தாங்களே கருவிகளைச் செய்து பார்க்கும் அடல் டிங்கரிங் லேப் அமைக்கப் பள்ளிகளுக்கு 20 லட்சம் ரூபாய் வரை தந்தது. அப்படி வந்த கருவிகளைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி, ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்துவிட்டு மறுபடி பூட்டுகிற இடமும் பார்த்தேன். “உடைச்சிட்டா யார் சார் பதில் சொல்றது?” என்றார் பொறுப்பாசிரியர். அவர் பயமும் உண்மையானதுதான், ஸ்டாக் ரிஜிஸ்டரில் கையெழுத்து அவருடையது. ஆனால் மோட்டாரும் சென்சாரும் பென்சில் மாதிரி தேய்கிற சாமான்கள்; உடைந்ததைக் கணக்கில் எழுத ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டால் பூட்டுக்கு வேலை இல்லை.

கடைசியாக, “எப்போ சார் பைத்தானுக்கு மாத்தப்போறீங்க?” பிளாக் அடுக்குவது பொம்மை வேலை, பைத்தான் மாதிரி மொழியில் எழுதுவதுதான் நிஜம் என்று நினைக்கும் பெற்றோர் கேட்பது. போட்டித்தேர்வு மாதிரி இதற்குத் தேதி குறிக்க முடியாது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி போன மாதம் வந்து, “மேல ஏத்தி கீழ இறக்கியே கை வலிக்குது சார், வேற வழி இல்லையா?” என்றாள். அவளுடைய பிளாக் வரிசை மூன்று திரை நீளம் இருந்தது. பிக்டோபிளாக்ஸின் அப்லோடு முறையில் பக்கத்திலேயே தெரிகிற எழுத்து வடிவத்தைக் காட்டினேன். அதில் 185 என்ற எண் எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கிறேன்.